செடிக் கருவாடு

காய்ந்த செடியைத் தாளில் தைப்பது என் தொழில். வீராம்பட்டினத்தில் பிறந்தவன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற தொழில் இல்லை அது. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவருக்கு ஒரு மதிப்பு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களுக்குப் புதுச்சேரி முழுக்கத் தனி மதிப்பு. டவுனில் உள்ள செடிக் காப்பகத்துக்குச் சைக்கிளில் போய், தாள் பறக்கும் என்று மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்து, புல்லையும் பூண்டையும் ஊசிநூலால் தைத்துவிட்டு வருகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அம்மாதான் அதற்கு ஒரு வழி கண்டது. யார் கேட்டாலும், "எம்புள்ள டவுன்ல செடிக் கருவாடு போடுது" என்று சொல்லிவிடும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மா சொன்னதில் பாதி சரி. ஈரம் இருக்கும்வரைதான் அழுகல். ஈரத்தை எடுத்துவிட்டால் மீனும் நிற்கும், செடியும் நிற்கும். ஆனால் மீனை மணலில் விரித்து வெயிலில் போடலாம், செடியை அப்படிப் போட முடியாது. வெயில் பட்டால் நிறம் வெளுத்து, இலை சுருண்டு, தொட்டால் பொடியாகும். தாளுக்கு நடுவில், பாரத்துக்கு அடியில், நிழலில் காய வேண்டும். மீனுக்கு உப்பு என்றால் செடிக்கு விஷம். நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில், பழைய தாள்கள் பலவும் மெர்க்குரிக் குளோரைடில் முக்கி எடுத்தவையாக இருந்தன. சித்த வைத்தியர்கள் வீரம் என்பார்களே, அதே சரக்கு. பூச்சி அண்டாது. அந்தத் தாளைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்பதுதான் எனக்கு அங்கே கிடைத்த முதல் பாடம். இப்போது அந்த வழக்கம் ஒழிந்தது. புதிதாக வரும் கட்டுகளைப் பாலித்தீன் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் சில நாள் உறைய வைக்கிறோம். சிகரெட் வண்டும் அதன் புழுவும் அதிலேயே செத்துவிடும்.

என்னை வேலைக்கு எடுத்ததற்கு என் படிப்பு காரணம் இல்லை, கைதான் காரணம். வலை பொத்துகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு நூலை எவ்வளவு இழுத்தால் அறுக்கும், எவ்வளவு விட்டால் தொய்யும் என்று விரலுக்கே தெரியும். அங்கே இருந்த மூத்தவரைப் பெரியவர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் முன்னால் உட்கார்த்தி, ஒரு காய்ந்த கொடியும் ஊசியும் கொடுத்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"முடிச்சு எங்க போடுவ?"

"பின்னாடி, பெரியவரே."

"பூ மேல நூல் போவுமா?"

"போவாது."

"நாளைக்கு வா."

தாள் 42 சென்டிமீட்டர் உயரம், 28 அகலம். உலகம் முழுக்க ஏறக்குறைய இதே அளவுதான். லேபிளுக்கு வலது கீழ்மூலை. அங்கே இலைநுனிகூட நீளக்கூடாது. உதிர்ந்த விதை, இதழ், ஒடிந்த இலை எல்லாம் மடித்த தாளுறையில் போய் இன்னொரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். பசை என்றால் அந்தக் காலத்தில் மைதாமாவுதான், மயில்துத்தம் கலந்து காய்ச்சியது. துத்தம் கலக்காத மைதா வண்டுக்கு விருந்து. இலையைப் பசையால் ஒட்டலாம். தண்டையும் வேரையும் தைத்தே ஆக வேண்டும். பசையை மட்டும் நம்பினால், தாளை எடுத்து எடுத்து வைக்கும்போது கனமான வேர் பெயர்ந்து, கூடவே தண்டையும் இழுத்துக்கொண்டு வரும்.

நான் சொல்லவந்தது இந்த வேரைப் பற்றித்தான். அதற்கு ஒரு குறிப்பிட்ட செடியை எடுத்துக்கொள்கிறேன். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் முள் இல்லை, புதர் இல்லை, மணமும் இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரத்துப் புல்வெளிகளில் தரையோடு படர்கிற பூண்டு. மூன்று மூன்றாக இலை, உடம்பெல்லாம் மயிர், சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக இல்லாத மஞ்சள் பூ. பெயர் பொட்டென்டில்லா லெஷனால்டியானா. நாங்கள் 'லெஷனோ' என்று சுருக்கிவிடுவோம். நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது. முழங்காலில் இறங்கினால்தான் தெரியும். ரோஜாக் குடும்பமே குளிர்நாட்டுக் குடும்பம். ஆப்பிள், பேரி, பிளம்ஸ், ஸ்ட்ராபெரி எல்லாம் அதன் உறவு. எங்கள் கடற்கரையில் அந்தக் குடும்பத்தில் தானாக முளைக்கிற செடி ஒன்றும் இல்லை. இங்கே மணலில் படர்வது அடம்பும் இராவணன் மீசையும்தான். பேருந்தில் ஏறி ஒரு பகலும் ஓர் இரவும் போனால், தமிழ்நாட்டில் பனி உறைகிற மலைமேல் ஸ்ட்ராபெரியின் தங்கச்சி தரையில் கிடக்கிறது. இந்த விசித்திரத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

அந்தச் செடியின் பெயரில் உட்கார்ந்திருப்பவர் புதுச்சேரிக்காரர் என்று ஒருவகையில் சொல்லலாம். லெஷனோ த லா தூர், 1773-இல் பிரான்சில் பிறந்தவர். போதான் என்ற கப்பல்தலைவர் நடத்திய ஆஸ்திரேலியப் பயணத்தில் தாவரவியலாளராகப் போய், நோயில் விழுந்து திமோரில் இறங்கிவிட்டவர். பிறகு ஜாவாவில் சில வருடங்கள். ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்த 1816-ஆம் ஆண்டிலேயே அரசரின் இயற்கையியலாளராக அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கே இருந்துகொண்டு தென்னிந்தியா, வங்காளம், இலங்கை என்று சுற்றி, செடியும் விதையும் சேர்த்து, ரெயூனியன் தீவுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார். 1819-இல் உடம்பு சரியில்லாமல் நீலகிரி ஏறியவர் அங்கேயே தேறிவிட்டார். நோயாளியாகப் போனவர் கை சும்மா இருக்கவில்லை. அவர் கொண்டுவந்த செடிகளில் ஒன்றுக்குத்தான், தெ காண்டோல் என்ற தாவரவியலாளர் ஜெனீவாவிலிருந்து தொகுத்த பெருநூலின் இரண்டாம் தொகுதியில், 1825-இல் சரேஞ்ச் என்பவர் இந்தப் பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டே லெஷனோ இறந்துபோனார். மலையில் வெள்ளையாகப் பூக்கிற காட்டு ரோஜா ஒன்றுக்கும் அவர் பெயர்தான். அவருக்குப் பின்னால் வந்த பெரோத்தே, புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டே நீலகிரியில் ஏராளமாகச் சேகரித்தார். 1870-இல் இங்கேயே காலமானார்.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 1955-இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஃபிலியோசா தலைமையில் தொடங்கியபோது சமஸ்கிருதச் சுவடிகள் ஒரு பக்கம், செடிகள் ஒரு பக்கம் என்று இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அங்கிருந்த லெக்ரியும் மற்றவர்களும் கொசேன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து இந்தியாவின் தாவர வரைபடங்களைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்தார்கள். தென்னிந்திய மலைகளைப் பற்றிப் பிளாஸ்கோ எழுதிய நூல் 1971-இல் வந்தது. சோலையும் புல்வெளியும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று கேட்டவர்கள் எல்லாரும் அதைப் புரட்டியிருக்கிறார்கள். வரைபடம் வேண்டுமென்றால் எந்தச் செடி எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குத் தாள் வேண்டும். தாளுக்கு எங்களைப் போன்றவர்கள் வேண்டும். திருச்சியில் ஃபாதர் மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் காப்பகத்திலும் இப்படித்தான். அவருடைய பழனி மலைத் தாவர நூல் 1999-இல் வெளிவந்தபோது, அதற்கு அடியில் எத்தனை பேர் தைத்த தாள்கள் இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தாவரவியலாளர்கள் அந்த நூலை வேறு விதமாகப் படித்திருப்பார்கள்.

தைக்கிறவனை மலைக்கு அழைத்துப் போவது வழக்கமில்லை. பெரியவர்தான் வற்புறுத்தினார். பறிக்கிறவன் ஒருத்தன், தைக்கிறவன் ஒருத்தன் என்றால் தைக்கிறவன் கையில் எப்போதும் பாதிச் செடிதான் வந்து சேரும் என்பார். மலைக்குப் போனபிறகு அது எவ்வளவு உண்மை என்று பார்த்தேன். மழையில், அட்டையில், குளிரில் நிற்கிற ஆராய்ச்சியாளருக்கு மேலே இருக்கிற பூவைக் கிள்ளுவது சுலபம். மண்ணைத் தோண்ட யாருக்கு மனசு வரும்? புல்வெளிப் பூண்டின் கதை எல்லாம் மண்ணுக்குக் கீழேதான் நடக்கிறது.

நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். பள்ளத்தில் குளிர்ந்த காற்று தேங்கும். மேட்டில் அவ்வளவு இருக்காது. சோலை மரங்களின் இளங்கன்றுகள் இந்த உறைபனியில் கருகிவிடுகின்றன. பள்ளமான இடத்திலும் மரம் ஏறாமல் புல்லே நிற்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பனி போனால் கோடை நெருப்பு, நெருப்பு போனால் எருமை மேய்ச்சல். இவ்வளவுக்கும் நடுவில் இந்தப் பூண்டு வருடா வருடம் எப்படித் திரும்ப வருகிறது? மேலே இருப்பது கருகினால் கருகட்டும் என்று விட்டுவிடுகிறது. விரல் பருமனுக்குக் கட்டையான அடிவேர் ஒன்று மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் போன வருடத்து இலைக்காம்புகளின் காய்ந்த அடிகள் பழுப்புச் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இடையில்தான் அடுத்த மழைக்கான மொட்டு ஒளிந்திருக்கிறது. ஒருவருடப் பூண்டா, பலவருடப் பூண்டா என்று கேட்கிறவருக்குப் பதில் அந்தச் செதிலில் இருக்கிறது. பூவில் இல்லை. வேர் இல்லாமல் தாளில் தைத்த பூண்டைப் பார்த்து அது எத்தனை வருடம் வாழ்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

தோண்டக் களைக்கொத்துதான் வசதி. பூண்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் கொத்தி, கட்டியோடு பெயர்த்து, ஓடைத் தண்ணீரில் ஆட்ட வேண்டும். பிடித்து இழுத்தால் வேர் உள்ளேயே நின்றுகொண்டு மேல்பாதி மட்டும் கையோடு வரும். ஒருமுறை இப்படிக் குழி போட்டுக்கொண்டிருந்தபோது எருமை மேய்த்துக்கொண்டு வந்த தோடப் பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார். என்ன பறிக்கிறோம் என்று கேட்கவில்லை.

"தம்பி, குழிய மூடிட்டுப் போங்க. எருமை கால வெச்சா ஒடிஞ்சிரும்" என்றார்.

அதிலிருந்து பெயர்த்த இடத்தில் மண்ணைத் தள்ளி, புல்கட்டியை மேலே வைத்து மிதித்துவிட்டுத்தான் நகர்வோம். களப்பணிக் கையேடு எதிலும் இந்த விதியை நான் படித்ததில்லை. எல்லாவற்றிலும் சேர்க்கலாம்.

பூவின் சங்கதி வேறு. இந்த வகைப் பூக்களுக்கு இதழ் நிற்காது. பறித்துப் பையில் போட்டு விடுதிக்கு வந்து திறந்தால் மஞ்சள் இதழ் தனியாக, காம்பு தனியாகக் கிடக்கும். அதனால் அந்த இடத்திலேயே, குடைக்கடியில், மடித்த செய்தித்தாளுக்குள் வைத்துவிட வேண்டும். பூவை ஒன்று குப்புற, ஒன்று நிமிர்த்தி. குப்புறக் கிடப்பதில்தான் முக்கியமான விஷயம் தெரியும். ஐந்து பச்சை இதழ்களுக்கு இடையில் இன்னும் ஐந்து சின்னப் பச்சை இலைகள் இருக்கும், வெளிவட்டம். மேலோட்டமாக எண்ணினால் பத்து பச்சை இதழ் என்று தோன்றும். அதே மலையில் அதே மாதிரி மூன்றிலை, அதே மாதிரி மஞ்சள் பூவோடு இன்னொரு பூண்டும் படர்கிறது. அதற்கு வெளிவட்ட இலைகள் அகன்று, நுனியில் மூன்று பல்லாக வெட்டியிருக்கும். பூ முடிந்ததும் சிவப்பாக ஒரு பழம் உப்பும். பார்க்க ஸ்ட்ராபெரி, வாயில் போட்டால் வெறும் தண்ணீர். நிஜமான காட்டு ஸ்ட்ராபெரியும் நீலகிரியில் உண்டு, நீலகிரியின் பெயராலேயே. அதற்குப் பூ வெள்ளை, பழம் வெளிறியது. நம் லெஷனோவில் எதுவும் உப்பாது, உலர்ந்த மணிகள் மட்டும். பிரஸ்ஸில் மாட்டிய பிறகு பழமும் நசுங்கி மணியும் நசுங்கி மூன்றும் ஒரே மாதிரிப் பழுப்பாகத் தெரியும். குறிப்பேட்டில் 'பூ மஞ்சள், காய் உலர்ந்தது' என்று அங்கேயே எழுதினவர் பிழைத்தார்.

பிரஸ் என்பது இரண்டு மரச்சட்டம், நடுவில் அட்டை, ஒத்துத்தாள், செய்தித்தாள், மேலே இறுக்க இரண்டு வார். செடியை வைத்திருக்கிற உள்தாளை மாற்றக்கூடாது. அதைச் சுற்றியுள்ள ஒத்துத்தாளை மட்டும் தினம் மாற்ற வேண்டும். உள்தாளைப் பிரித்தால் இதழ் பறக்கும். லெஷனோவில் தொல்லை என்னவென்றால் இலை காகிதம் மாதிரி மெல்லிசு, வேர் கட்டை. இரண்டையும் ஒரே சட்டத்தில் இறுக்கினால் வேர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இலைமேல் பாரமே விழாது, சுருங்கிவிடும். அதனால் வேரைப் பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுவோம். மிச்ச உயரத்துக்குச் செய்தித்தாளை மடித்து மடித்து இலைப்பகுதியில் மட்டும் மெத்தை போடுவோம். இலை இரண்டு நாளில் காயும். பிளக்காத வேர் பத்து நாளானாலும் உள்ளே ஈரம் வைத்துக்கொண்டு, தைத்து அலமாரியில் வைத்தபிறகு பூஞ்சணம் பூக்கும். ஊட்டியின் ஈரத்தில் தானாக எதுவும் காயாது. இரவு முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, உயரமான முக்காலியில் பிரஸ்ஸை நிறுத்தி, யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த முறை எனக்குத்தான் அதிகம் வரும். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரி விழிப்பு பழக்கம் என்று மற்றவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். மேல்நீலகிரியின் மழை எந்த அடுப்பையும் மதிக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி மாதங்களில் செடியைச் செய்தித்தாளோடு கட்டி, சாராயத்தை ஊற்றி, பாலித்தீனில் காற்றுப் புகாமல் அடைத்து, ஊருக்கு வந்துதான் காய வைப்போம். செடி அழுகாது, நிறம் மட்டும் போய்விடும். மறுபடியும் அதே குறிப்பேடுதான் காப்பாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் என்றதும் இன்னொரு சங்கடம். ஆடி வெள்ளிக்கு எங்கள் ஊரில் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிய வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருவதாகத் தொடர்கிறது. புதுச்சேரிக்கே விடுமுறை. மலையில் தென்மேற்குப் பருவமழை புல்வெளியை எழுப்புகிற நேரமும் அதுதான். தேருக்கு இல்லாமல் போன வருடங்களில் அம்மா என்னிடம் பேசியதில்லை. அம்மனுக்குத்தான் மல்லிகையும் கதம்பமும் போகும், நான் தேடிப் போகிற பூவை எந்தச் சாமியும் கேட்டதில்லை என்பது அதன் வாதம்.

வேருக்கு வருகிறேன். நைலான் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் வலை என்றால் பருத்தி நூல். உப்புநீரில் பருத்தி சீக்கிரம் மக்கும். அதனால் துவர்ப்பான மரப்பட்டையைப் பெரிய கொப்பரையில் கொதிக்கவிட்டு, வலையை அந்தச் செந்நீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். தோல் பதனிடுகிற அதே துவர்தான் நூலையும் காக்கும். தாத்தா காலத்து வேலை. அப்பா பேசிக் கேட்டிருக்கிறேன். தொகுப்புக்கு வந்து போகும் பிரெஞ்சுக்காரர்களில் பிரிட்டனிக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். நான் லெஷனோவின் வேரைத் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஐரோப்பாவில் இதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒன்று உண்டு, டார்மென்டில் என்று பெயர், பூவில் நாலே இதழ், வேரில் ஏகப்பட்ட துவர் என்றார். வயிற்றுப்போக்குக்கு அதன் வேரைக் கஷாயம் வைப்பார்களாம். மரமே முளைக்காத தீவுகளில், பட்டைக்கு எங்கே போவது? ஃபாரோ தீவுகளில் அந்தப் பூண்டின் வேரைத் தோண்டித்தான் தோல் பதனிட்டார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மீன்வலைக்கும் அதுதான் துவர். விரல் அளவு வேரைக் கூடை கூடையாகத் தோண்டி ஒரு வலைக்குத் தேற்றுவது எப்பேர்ப்பட்ட பாடு என்று தோண்டினவனுக்குத்தான் தெரியும். வீட்டில் போய்ச் சொன்னபோது அப்பா கேட்ட கேள்வி: "அந்தத் தோண்டுன எடத்துல திரும்ப மொளைக்குமா?" முளைக்காது, வேர்தானே செடி. அந்தத் தீவுகளில் சிலவற்றில் தோண்டித் தோண்டி மேய்ச்சல் நிலமே பாழானதால் தடை போட்டதாகவும் அந்தப் பிரிட்டனிக்காரர் சொல்லியிருந்தார். ஒத்தையாக ஒரு தாளுக்கு ஒரு வேர் என்பதில்கூட நாங்கள் கணக்காக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைப்பேன். கூட்டமாகப் படர்ந்திருக்கிற இடத்தில் ஒன்றை எடுக்கலாம். தனியாக நிற்பதைத் தொடக்கூடாது.

வேருக்கு அடுத்தபடி எனக்கு மரியாதை லேபிளிடம். லெஷனோ காலத்துத் தாள்களில் பெரும்பாலும் 'நீலகிரி' என்பதற்கு மேல் இடம் இருக்காது. அன்றைக்கு அந்த மலையே ஐரோப்பாவுக்குப் புதுசு. ஒரு சொல் போதும் என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தச் சரிவில் போய் நிற்பது? உதகை, நடுவட்டம், பைக்காரா, முக்குருத்தி எல்லாம் நீலகிரிதான். அதற்குப் பிறகு புல்வெளியில் பெரும்பகுதி தேயிலையாகவும் உருளைக்கிழங்காகவும் யூக்கலிப்டஸாகவும் சீகை மரமாகவும் மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த சீகை, நட்ட இடத்தைத் தாண்டிப் புல்வெளிக்குள் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் நிழலில் லெஷனோ நிற்காது. வெயில் வேண்டிய பூண்டு. ஆக, எந்தச் சரிவு, ஓடைக்கு எந்தப் பக்கம், பக்கத்தில் சோலையா தேயிலையா என்று எழுதாத லேபிளை, எவ்வளவு அழகாகத் தைத்த தாளில் இருந்தாலும், நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன். இந்த விஷயத்தில் பெரிய படிப்புப் படித்தவர்களோடு எனக்குத் தகராறு வந்திருக்கிறது. லேபிளில் சேகரித்தவர் பெயர் இருக்கும். வழி காட்டிய படகரின் பெயரோ, இருளரின் பெயரோ, தோண்டிக் கொடுத்தவர் பெயரோ இருக்காது. நாளைக்கு அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டுமானால் யாரைப் போய்க் கேட்பீர்கள் என்பது என் கேள்வி.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. ஊரில் படகும் கூரையும் போன கதையை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். டவுனில் மின்சாரம் நின்று நாட்கணக்கில் வரவில்லை. அதனால் குளிர்சாதனம் இல்லை, ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இல்லை. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து வரும்; மூடிய அலமாரிக்குள் தாள்கள் வியர்க்க ஆரம்பித்தன. சாய்ந்த மரங்களைத் தாண்டிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அலமாரியைத் திறந்து வைத்தால் பூச்சி, மூடி வைத்தால் பூஞ்சணம். வெயில் ஏறிக் காற்று உலர்ந்த நடுப்பகலில் மட்டும் கதவைத் திறப்பது, பொழுது சாயுமுன் அந்துருண்டை போட்டு அடைப்பது என்று முறை வைத்தோம். தாளைக் கையால் தொட்டால் ஜில்லென்று இருந்ததா, மொடமொடவென்று இருந்ததா என்பதுதான் அளவுகோல். ஒத்துத்தாளை மாற்றி மாற்றி இடையில் சொருகினோம். முதலில் பார்த்தது வேர் தடித்த தாள்களை. பிளந்து காயவைத்த வேர்கள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. ஏதோ அவசரத்தில் முழுசாக வைத்துத் தைத்த, எனக்கும் முந்தைய காலத்துக் கிழங்கு ஒன்றில்தான் சாம்பல் பூத்திருந்தது. தூரிகையும் சாராயமும் போட்டுத் துடைத்தோம்.

இப்போது தாள்களையெல்லாம் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். நல்ல காரியம். ஜெனீவாவில் இருப்பவர் புதுச்சேரித் தாளையும், புதுச்சேரியில் இருப்பவர் பாரிஸ் தாளையும் இருந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். லெஷனோவின் செடிகளும் அப்படித்தான் ஒருவழியாக எங்களுக்குத் திரும்பி வந்தன. ஆனால் திரையில் இலையைப் புரட்டிப் பார்க்க முடியாது, உறையைத் திறந்து உதிர்ந்த மணியை லென்ஸுக்கு அடியில் வைக்க முடியாது. படம் எடுத்தாகிவிட்டதே, இனிமேல் எதற்கு இந்த அலமாரிகள் என்று கேட்கிற அதிகாரிகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரு தாளைக் கொடுத்துப் பின்பக்கம் பார்க்கச் சொல்வேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிட்டால் போய்த் தைத்துக் கொடுக்கிறேன். சமீபத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பழனி மலையிலிருந்து லெஷனோவைக் கொண்டுவந்தாள். பூவும் இலையும் பிரமாதம், வேர் இல்லை. தைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். முகம் சிவந்து போனாள். அடுத்த தடவை போனபோது வேரோடு கொண்டுவந்தாள். பிளந்து, மெத்தை போட்டு, நான் சொன்னபடியே. லேபிளில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், பக்கத்து ஓடை, வழி காட்டியவர் பெயர் எல்லாம் இருந்தன. உறையைத் திறந்து எண்ணினேன். பூ ஒன்று, இதழ் நான்கு.

"ஒண்ணு குறையுதேம்மா. நாலு இதழ்னு பாக்கறவன் இது அந்த ஐரோப்பாச் சரக்கோன்னு சந்தேகப்படுவான்."

"அது பறிக்கும்போதே காத்துல போயிடுச்சு சார்."

"அப்ப அத எழுது."

"இதையெல்லாம் லேபிள்ல எழுதினா சிரிப்பாங்க சார்."

அவள் எழுதவில்லை. உறையின் மேல் நான்தான் பென்சிலால் எழுதினேன்: இதழ் ஐந்து, ஒன்று பறிக்கையில் உதிர்ந்தது.